சாயங்காலமே கார் வரும்

ஜூன் 6

அண்ணாவுக்கு,

போனில் உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன். கத்தினால் வாசல் அறையில் உட்கார்ந்திருக்கிற அவருக்குக் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் சாப்பிட்டு முடித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு மேலே புதிதாக ஒரு சூப்பர்வைசர் வந்திருக்கிறான், கருவியை எப்படிப் பிடிப்பது என்று இவரிடமே கேட்டுக் கற்றவன், அவன் நாலு பேர் எதிரில் அதட்டினான் என்று அவர் வருத்தப்பட்டுச் சொன்னார். நீ பல் குத்திக்கொண்டே பதில் சொன்னாய். "அட, நீங்க இல்லேன்னா அந்த ஊர்ல ஒரு லிஃப்ட் மேல ஏறுமா மாப்பிள்ளை? நாளைக்கே ராஜினாமாவை எழுதி நீட்டுங்க. சாயங்காலமே கார் அனுப்பிக் கூட்டிட்டுப் போவாங்க பாருங்க." அண்ணி சிரித்தாள். நானும்தான் சிரித்தேன்.

திங்கட்கிழமை அவர் எழுதி நீட்டிவிட்டார். பத்தொன்பது வருஷ வேலைக்கு அரைத் தாளில் நாலு வரி. அன்று சாயங்காலம் இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, தலைவாரி, தெருவைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கே கிளம்புகிறீர்கள் என்று கேட்டேன். கார் வரும் என்றார். செவ்வாய்க்கிழமையும் உட்கார்ந்தார். இன்று சனிக்கிழமை. இப்போதும் உட்கார்ந்திருக்கிறார்.

உன்மேல் இருக்கிற கோபத்தை இப்படிக் காட்டுகிறார் என்று நினைக்கிறேன். எதிரில் உன்னை ஒன்றும் சொல்ல முடியாமல் என்னை வதைக்கிறார். உன் வாய்க்குச் சோறு போட்டு வளர்த்த வீட்டில்தான் நானும் வளர்ந்தேன், ஆனால் என் வீட்டில் அது வந்து அடுப்பை அணைக்கும் என்று நினைக்கவில்லை.

இனி போன் செய்யாதே.

தங்கச்சி

ஜூன் 11

மாண்புமிகு நீதிபதி அம்மா அவர்களுக்கு,

குற்றவாளியின் பணிவான வணக்கம். விசாரணையே இல்லாமல் தீர்ப்பு எழுதிய உங்கள் வேகம் பிரமாதம். நம் கோர்ட்டுகளுக்கெல்லாம் உங்களை அனுப்பிவைத்தால் ஒரு வழக்கு பாக்கி இருக்காது.

உன் வீட்டுக்காரர் நேற்றுப் பிறந்த குழந்தையா? பதினேழு வருஷமாக நானும் அவரும் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டிருக்கிறோம். நான் ஒன்று கொடுத்தால் அவர் ஒன்றரையாகத் திருப்பிக் கொடுப்பார். என் டிரைவிங் ஸ்கூலுக்கு ஒருமுறை வந்தபோது, காரில் இருந்த ஒடுக்குகளையெல்லாம் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "படிச்சு முடிச்சவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்காங்க போல" என்று சொன்ன மனுஷன் அவர். அப்படிப்பட்டவருக்கு நான் சொன்னது வேடிக்கை என்று தெரியவில்லையாம். நீ நம்பு. எனக்கு வேறு வேலை இருக்கிறது.

அவருக்கு வேலையை விட ஆசை. விடுவதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, இளிச்சவாயன் நான் கிடைத்தேன். அவ்வளவுதான் கதை. நாற்காலியில் உட்கார்ந்து நடிக்கிறாரே, அதற்குத் தனியாக ஒரு மெடல் கொடுக்கலாம்.

ஆமாம், என் தப்புதான். மழை பெய்யாததும் என் தப்புதான். போன் செய்யமாட்டேன், கவலைப்படாதே. நீயும் நிம்மதியாக இரு.

இப்படிக்கு,
உலகத்துத் தொல்லைகள் அனைத்துக்கும் காரணமானவன்

ஜூலை 2

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி எடுத்துச் சேர்த்து வைத்துப் படித்தேன். அதில் ஒரு வரி என்னை விடவில்லை. ஒன்று கொடுத்தால் ஒன்றரையாகத் திருப்பிக் கொடுப்பார் என்று எழுதியிருக்கிறாய். கடைசியாக அவர் எப்போது திருப்பிக் கொடுத்தார் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு நினைவு வரவில்லை.

அவருடைய கம்பெனிக்குப் போனேன். கூட வேலை செய்கிற வெல்டர் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். ஆறேழு மாதமாகவே ஆள் ஒருமாதிரிதான் இருந்தாராம். ஒருநாள் இவர் மேலே வேலை செய்யும்போது ஒரு போல்ட்டைத் தவறவிட்டிருக்கிறார், "அப்படியே மிச்சம் இருக்கிறதையும் கீழ தள்ளிவிடுங்க" என்று யாரோ எரிச்சலில் சொல்லியிருக்கிறார்கள். இவர் போல்ட் பெட்டியையே தள்ளிவிட்டாராம். எல்லாரும் இவர் கோபத்தில் செய்தார் என்று நினைத்து ஒதுங்கிவிட்டார்கள்.

வீட்டிலும் அப்படித்தான் அண்ணா. மார்ச்சில் ஒருநாள் தாமதமாக வந்தார். "இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்திருக்கலாமே" என்றேன். மறுநாள் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். என்னைப் பழிவாங்குகிறார் என்று நாலு நாள் பேசாமல் இருந்தேன். பாப்பா ஒருநாள் முட்டையைக் கருக்கிவிட்டாள். வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்கு, எல்லாத்தையும் நீங்களே சாப்பிடுங்கப்பா" என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டாள். அவர் எல்லாவற்றையும் சாப்பிட்டார். அன்பில்தான் சாப்பிடுகிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். கல்யாணமான புதிதில் அவருக்கு நம் வீட்டுப் பேச்சு புரியாது. அவர் வீட்டில் வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். நம் வீட்டில் அப்பா நம்மை ஒருநாளாவது நேராகப் பாராட்டியிருக்கிறாரா? முதல் மதிப்பெண் வாங்கி வந்தால், "வாத்தியார் கண்ணாடியை மறந்துட்டு வந்தாரா" என்பார். அதுதான் பாராட்டு என்று நமக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? உன் வீட்டுக்கு வந்து திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கம் சாய்ந்து ஒவ்வொன்றாகக் கேட்பார். உங்க அண்ணன் இப்படிச் சொன்னாரே, அது நிஜமா, விளையாட்டா? நான் விளக்குவேன். இரண்டு வருஷம் பாடம் மாதிரி படித்தார். உன் ஸ்கூல் காரின் ஒடுக்குகளைப் பற்றி உன்னிடம் சொன்னாரே, அன்றைக்கு நீங்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். திரும்பும்போது பஸ்ஸில் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "இனிமே நானும் உங்க வீட்டு ஆள்தான்" என்றார்.

நேற்று அவரிடம் கேட்டேன். அண்ணன் சொன்னது கிண்டல் என்று நிஜமாகவே உங்களுக்குத் தெரியவில்லையா என்று. என் பக்கம் திரும்பிச் சொன்னார். "உங்க அண்ணன் எதுக்கு எங்கிட்ட பொய் சொல்லணும்?"

அவர் நடிக்கவில்லை அண்ணா.

தங்கச்சி

ஜூலை 8

வாலு,

உன் கடிதம் வந்து ஒரு மணி நேரம் ஆகிறது. ஏதாவது வேடிக்கையாக ஆரம்பிக்கலாம் என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். நான் எப்போதும் பார்ப்பேன். அவர் வாய் ஒரு பக்கம் கொஞ்சம் மேலே ஏறும், பிறகுதான் பதில் வரும். அதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அவர் என்னைப் பார்த்து, "அப்படியா மச்சான்?" என்றார். அப்போதே எனக்கு உள்ளே ஏதோ இடறியது. ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? "பின்னே, வேற காரா, விமானமா?" என்று மேலும் ஒன்று போட்டேன். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பை விட எனக்கு மனசு வரவில்லை.

அதற்கு முன்னாலும் ஒருமுறை. பிப்ரவரியில் போனில் பேசியபோது வழக்கம்போல வாரினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "என்ன மாப்பிள்ளை, சரக்கு தீர்ந்து போச்சா?" என்றேன். "ஆமா மச்சான், தீர்ந்து போச்சு" என்றார். பெரிய ஆளாகிவிட்டார், நம்மோடு விளையாட விருப்பம் இல்லை என்று எனக்குள் கோபம். அவர் எனக்கு நிஜத்தைச் சொல்லியிருக்கிறார். எனக்கு அது நிஜமாகக் கேட்கவில்லை.

அவரை டாக்டரிடம் கூட்டிப்போ. தலைக்குப் பார்க்கிற டாக்டரிடம். நாளைக்கே போ. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று அடிக்கோடு போட்டு எழுத வேண்டியிருக்கிறது பார், அப்படி ஆகிவிட்டது என் நிலைமை.

அண்ணன்

ஜூலை 28

அண்ணாவுக்கு,

கூட்டிப்போனேன். டாக்டர் பெண், சின்ன வயது. நிறையப் பரிசோதனைகள். அதில் ஒன்றில் சின்னச் சின்னக் கதையாகப் படித்துக் காட்டிக் கேள்வி கேட்டார். ஒருவன் இன்னொருவன் சட்டையில் டீயைக் கொட்டிவிடுகிறான். சட்டைக்காரன், "ரொம்ப உபகாரம்" என்கிறான். அவன் சந்தோஷமாக இருக்கிறானா, கோபமாக இருக்கிறானா?

அவர் நன்றாக யோசித்தார். வேலை பார்க்கும்போது வயரைத் தொடுவதற்கு முன் யோசிப்பாரே, அதே மாதிரி. "சந்தோஷமா இருக்கான். நன்றி சொல்றானே" என்றார். சரியாகச் சொன்னேனா என்று என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

தலையில் வலது பக்கம், நெற்றிக்குப் பின்னால், ஒரு கட்டி இருக்கிறது. எலுமிச்சை அளவு என்றார்கள். ஒரு வருஷமாகவே வளர்ந்திருக்கலாம். பேச்சின் அர்த்தம் புரியும், அதற்குப் பின்னால் இருக்கிற மனசு புரியாமல் போகும், சிலருக்கு முதலில் அதுதான் போகும் என்றார் டாக்டர். முதன்முதலில் எப்போது வித்தியாசமாகக் கவனித்தீர்கள் என்று கேட்டார். மார்ச்சில் என்றேன். அப்போதே ஏன் வரவில்லை என்றார். நான் கோபித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆபரேஷன் செய்ய வேண்டும். கம்பெனி வேலையில் இருந்திருந்தால் அவர்கள் ஆஸ்பத்திரியிலேயே செய்வார்கள். ராஜினாமா கொடுத்தவருக்குச் செய்யமாட்டார்கள். நோயினால் அறியாமல் கொடுத்தது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கம்பெனிக்கு அது போதாதாம். அவரிடம் அப்படிச் சொன்னது யார், என்ன சொன்னார், எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று சொன்னவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம்.

உன்னால் எழுத முடியுமா? வளைக்காமல், நெளிக்காமல், அதிகாரிகள் படித்தால் புரிகிற மாதிரி. இதை நான் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. உன்னிடம் உதவி கேட்கிறேன்.

தங்கச்சி

ஆகஸ்ட் 2

வாலு,

கேட்ட கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். எட்டு முறை எழுதினேன். முதல் ஏழிலும் எங்காவது ஒரு இடத்தில் வாய் கோணிக்கொண்டது. "தங்கள் கம்பெனியின் கார் வசதியைப் பற்றி அடியேனுக்கு இருந்த தவறான எண்ணத்தால்" என்று ஒன்றில் எழுதியிருந்தேன். அண்ணி வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். எட்டாவது இது. அனுப்பும் முன் நீ ஒருமுறை பார்த்துக்கொள்.

"நிர்வாகத்துக்கு. நான் இந்த ஊழியருடைய மனைவியின் அண்ணன். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறேன். மே 31 ஞாயிறு மதியம் என் வீட்டில், ராஜினாமா செய்தால் நீங்கள் கார் அனுப்பி அவரைத் திரும்ப அழைத்துக்கொள்வீர்கள் என்று அவரிடம் சொன்னேன். அது உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். கேலிக்காகச் சொன்னேன். அவர் வருத்தத்தில் இருந்தார். அவருக்கு நான் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தெரியாததால் கேலி செய்தேன். அவர் என்னை நம்பினார். அடுத்த நாள் ராஜினாமா கொடுத்தார். அவர் நம்பியதற்குக் காரணம் நோய். நான் சொன்னதற்குக் காரணம் எதுவும் இல்லை."

ஸ்கூலில் நேற்று ஒன்று நடந்தது. ஐம்பது வயது அம்மா ஒருவர் கற்றுக்கொள்ள வருகிறார், நர்ஸ். திருப்பத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கவில்லை. "அப்படியே நேரா போய்ச் சுவர்ல ஏத்துங்க, குறுக்கு வழி" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இருபத்தோரு வருஷமாக எல்லாரிடமும் சொல்கிற வசனம். அதைக் கேட்டு எத்தனை பேர் அழுதுகொண்டே இறங்கிப் போயிருக்கிறார்கள். நேற்று விழுங்கிவிட்டு, "இடது பக்கம் திருப்புங்க" என்று மட்டும் சொன்னேன். திருப்பினார். இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு.

நான் வரலாமா? நீ வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணன்

ஆகஸ்ட் 30

அண்ணாவுக்கு,

கம்பெனியில் ராஜினாமாவை ரத்து செய்துவிட்டார்கள். உன் கடிதத்தை அந்தச் சூப்பர்வைசர்தான் மேலிடத்துக்கு எடுத்துப்போனானாம். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அவன்மேலும் கோபப்பட முடியவில்லை.

செப்டம்பர் ஏழாம் தேதி ஆபரேஷன். முழுவதும் எடுக்க முடியுமா என்று திறந்து பார்த்தால்தான் தெரியும் என்கிறார்கள்.

வா. ஆனால் ஒன்று. அவரிடம் பேசும்போது என்ன நினைக்கிறாயோ அதை மட்டும் சொல். பாப்பா பழகிவிட்டாள். நான் இன்னும் சில நேரம் தவறிவிடுகிறேன். நேற்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது சாவியைத் தேடிக்கொண்டே, "இந்த வீட்டுல நான் ஒருத்திதான் சும்மா இருக்கேன்" என்றேன். அவர் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு, "அப்ப கொஞ்சம் உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். பஸ் போய்விட்டது. பரவாயில்லை.

தங்கச்சி

செப்டம்பர் 26

வாலு,

வந்து சேர்ந்தேன். பதினெட்டு நாள் உன்னோடு இருந்தும் இதை உன்னிடம் சொல்லவில்லை. எழுதுவதுதான் எனக்குச் சுலபம்.

கட்டியை முழுவதும் எடுக்க முடியவில்லை என்று டாக்டர் நம்மிடம் சொன்னாரே, அதற்கு மறுநாள். நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். மதியம். அவர் தலைக்கட்டோடு சாய்ந்து உட்கார்ந்து ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்து லிஃப்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வந்த நாளிலிருந்து சொல்ல நினைத்ததைச் சொன்னேன். "மாப்பிள்ளை, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. கார் வராதுன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். மன்னிச்சுக்கங்க."

 ஏன் சொன்னீர்கள் என்று அவர் கேட்டார். குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.  எங்கள் வீட்டில் பிடித்தவர்களிடம் அப்படித்தான் பேசுவோம் என்றேன்.

அதற்கு அவர் கேட்டார்: "அப்ப என்னை உங்களுக்குப் பிடிக்குமா மச்சான்?"

ஐம்பத்திரண்டு வயதில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அப்பாவிடம் நான் கேட்டதில்லை. என் மனைவியும் கேட்டதில்லை. வாயில் பத்துப் பதில் வந்து நின்றது, பத்தும் கோணல். ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, "பிடிக்கும்" என்றேன். "ரொம்பப் பிடிக்கும்."

"சரி" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினார். நீ மருந்தோடு வந்தபோது என் கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டாய். தூசி என்றேன். அது பொய்.

அண்ணன்

டிசம்பர் 5

அண்ணாவுக்கு,

நீங்கள் எல்லாரும் கிளம்பிப் போய்ப் பத்து நாள் ஆகிறது. அவர் போய்ப் பதினாறு நாள்.

இந்த நாலைந்து மாதத்தைப் பற்றி யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் இருந்தாரே, அப்போது அவர் எதையும் சுற்றிப் பேசமாட்டார். ஒருநாள், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "நீ எங்கூட சந்தோஷமா இருந்தியா?" என்று கேட்டார். நானும் நேராகச் சொன்னேன். பெரும்பாலும் இருந்தேன், சில வருஷம் இல்லை, அது எந்த வருஷம், ஏன் என்று எல்லாம் சொன்னேன். அவரும் சொன்னார். பதினேழு வருஷத்தில் பேசாததை அந்த மடிக்காத துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேசினோம். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அவர் தலைக்குள் வளர்ந்துகொண்டிருந்த ஒன்று அவரை என்னிடம் அப்படிப் பேச வைத்தது. அப்படியானால் பேசியது அவரா, அதுவா? டாக்டரிடம் கேட்கத்தான் நினைத்தேன். கேட்கவில்லை. கேட்காமலே இருந்துவிடலாம் என்று இருக்கிறேன்.

மார்ச்சில் நாலு நாள் நான் அவரோடு பேசவில்லை. அந்த நாலு நாளும் அவர் என் பின்னாலேயே வந்து, நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டார். "உங்களுக்குத் தெரியாதா" என்றேன். தெரியாது என்றார். அது உண்மை. இப்போது அந்த நாலு நாள்தான் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது.

பாப்பா பள்ளிக்குப் போய்விட்டால் வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. ஆறுதல் சொல்ல வருகிறவர்களிடம் நன்றாக இருக்கிறேன் என்கிறேன். அவர்கள் நம்பிக்கொண்டு போகிறார்கள். உன்னிடம் அப்படிச் சொல்லப்போவதில்லை. நான் நன்றாக இல்லை. தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. வந்து கொஞ்ச நாள் இரு.

தங்கச்சி

டிசம்பர் 8

வாலு,

ஸ்கூலை இருபது நாளைக்கு மூடிவிட்டேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானும் அண்ணியும் கிளம்புகிறோம். இதைத் தபாலில் போட்டால் எனக்குப் பிறகுதான் உன் வீட்டுக்கு வரும். அது தெரிந்துதான் போடுகிறேன்.

ஏனென்றால் உன்னைப் பார்த்ததும் நான் ஏதாவது உளறுவேன். கதவு கீச்சிடுகிறது என்பேன், இளைத்து ஒட்டடைக் கம்பு மாதிரி ஆகிவிட்டாய் என்பேன். என்னைத் திருத்திக்கொள்ள இன்னும் காலம் ஆகும். நான் அப்படி ஏதாவது சொன்னால் சண்டை போடாதே. தபால்காரர் வரும்வரை பொறுத்துக்கொள்.

அவர் போனதை என்னால் தாங்க முடியவில்லை. உன் வீட்டுக்காரர் என்பதற்காக இல்லை. எனக்கு இருந்த ஒரே சிநேகிதர் அவர். அதை அவர் கேட்டபோதுதான் நானே தெரிந்துகொண்டேன். உன்னை நினைத்தால் தூக்கம் வரவில்லை. சின்ன வயதிலிருந்தே உன்மேல் எனக்கு உயிர். ஒருநாளும் சொன்னதில்லை.

நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது இதைப் படி. படித்துவிட்டு என்னை ஒன்றும் கேட்காதே. நான் உட்கார்ந்திருப்பேன்.

அண்ணன்